அக்கா திரும்பப் பெற்ற கட்டுரை

கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டு வாசலில், கையில் படிவத்தோடு நின்றபோதுதான் எனக்கு அது சட்டென்று உறைத்தது. டெங்கு ஆய்வுக்காக அக்கா தயாரித்திருந்த கேள்விகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். "வீட்டில் நீர்த்தேக்கம் உள்ளதா?" என்றதும் அந்த வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்த்தேக்கமா? அது பூண்டி ஏரில இல்ல கீது! எங்க வூட்ல இன்னாத்துக்கு நைனா?"

அவருக்குப் பின்னால் மூன்று நீல டிரம்கள். மூடியில்லை, விளிம்புவரை தண்ணீர்.

"அப்ப இது என்னம்மா?"

"இது லாரித் தண்ணி. புடிச்சு வச்சிகினுகீறோம்."

'இல்லை' என்று குறிக்கப்போன பேனா அப்படியே நின்றது. இதே கேள்வியை வைத்துத்தான் அக்காவின் முந்தைய கட்டுரை வெளிவந்திருந்தது. வீட்டில் சேமிக்கும் தண்ணீருக்கும் டெங்குவுக்கும் இப்பகுதியில் தொடர்பு தெரியவில்லை என்பது அதன் முடிவு.

அக்கா தாம்பரத்தில், ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அவர் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா இறந்தார். காலையில் மின்சார ரயிலில் கல்லூரி, மாலையில் பல்லாவரத்தில் டியூஷன் என்று ஓடியபடியே விலங்கியல் முடித்து, வைரஸ் ஆராய்ச்சிக்குள் நுழைந்தார். "மர்மக் காய்ச்சல்" என்று செய்தி வந்தால் பேப்பரை மடக்கிவிடுவார். "மர்மமும் இல்ல, மண்ணும் இல்ல. யாரும் டெஸ்ட் பண்ணல, அவ்ளோதான்!" என்பார். ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வந்தாலும், கொசு முட்டை என்றால் வெயிலில் மணிக்கணக்கில் நிற்பார். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

அன்று நான் சொன்னதைக் கேட்டதும் முதலில் சிரித்தார்.

"எவன்டா அந்தக் கேள்விய எழுதுனது?"

"நீதான்கா."

சிரிப்பு நின்றது. ஆங்கிலப் படிவத்தை ஒரே மாலையில் தமிழாக்கியவர் அவர்தான். மறுநாளே நாங்கள் பழைய வீடுகள் சிலவற்றுக்குத் திரும்பப் போனோம். 'இல்லை' என்றவர்கள் யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. சிலர் அணை என்று நினைத்திருந்தார்கள், சிலர் சாக்கடைத் தேக்கம் என்று. டிரம் எல்லா வீட்டிலும் இருந்தது.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பதவி உயர்வு நேர்காணல். உடன் பணியாற்றிய மேடம் வீட்டுக்கே வந்து சொன்னார்: "இன்டர்வியூ முடியட்டும்பா. கட்டுரை தப்புன்னு அப்புறம் எழுதிக்கலாம். இப்ப யாரு பார்க்கப் போறா?"

"அதப் படிச்சிட்டு நாளைக்கே எவனாவது டிரம்முக்கு மூடி வேணாம்னு சொல்லிட்டா?" என்றார் அக்கா.

அன்று மாலையே அதை வெளியிட்ட இதழுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றார். காரணத்தையும் மறைக்கவில்லை: "கேள்வியின் மொழி தவறு, தவறு என்னுடையது." பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அக்கா அவருக்குக் கை கொடுத்துவிட்டு வந்து, புதிய படிவத்தின் முதல் கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டினார்: "தண்ணி எதுல புடிச்சு வைப்பீங்க?"

புதிய படிவத்தோடு பாதித் தெருக்கள் முடிந்திருந்தபோது அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மருத்துவமனைக் கட்டிலிலும் படிவங்களைச் சரிபார்த்தார். "உன் கையெழுத்த எந்த மைக்ராஸ்கோப்லயும் படிக்க முடியாதுடா" என்று திட்டியதுதான் அவர் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசி வாக்கியம். இரண்டு நாள் கழித்து, அம்மா ஜெபித்துக்கொண்டிருக்கையில், அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்களை மறக்க முடியாது. முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், சிகிச்சை நாள்தோறும் ஆட்டோவோடு வாசலில் நின்ற எதிர்வீட்டு அண்ணா, அம்மாவைத் தனியே விடாத சபைப் பெண்கள், அக்காவின் மேசையைக் கலைக்காமல் பாதுகாத்த மேடம் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேடவாக்கத்துத் தெருக்கள் இன்னும் மீதமிருக்கின்றன. மேடமும் நானும் என் கல்லூரி நண்பர்கள் நால்வரும் வரும் சனிக்கிழமை காலை அங்கே தொடங்குகிறோம். திரும்பப் பெற்ற அந்தக் கட்டுரையின் முடிவே சரி என்று இந்த விடைகள் காட்டினாலும், அதையும் உள்ளது உள்ளபடி எழுதுவோம் என்று மேடத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.