வைப்பர் ஓடினால் கத்தும் பெட்டி

நீலகிரியில் ஓவேலிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தங்கையா எலக்ட்ரீஷியனாக இருந்தார். பன்னிரண்டு வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் பிடிபட்டது.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் தேயிலை விலை தரைக்கு வந்துவிட்டது. எஸ்டேட்டில் ஆட்களைக் குறைத்தார்கள். நாலு கஜம் ஒயர் கேட்டாலும் ஆபீசில் கையை விரித்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிப்போகும் லாரியில், பின்னாலிருந்து டிரைவரைக் கூப்பிட இருந்த மணி அறுந்து ஒரு வருடமாகியிருந்தது. பெண்கள் தகரத்தைத் தட்டுவார்கள். இன்ஜின் இரைச்சலில் டிரைவர் கருப்புசாமிக்கு எதுவும் கேட்காது.

லாரியின் பின்பக்கம் படுதாவுக்குள் ஒரு சின்ன பல்பு உண்டு. பாட்டரியிலிருந்து அதற்கு ஓடும் ஒயரைத் தங்கையா கவனித்தார். அந்த மின்சாரத்தின் மேலேயே, காதுக்கு எட்டாத வேகத்தில் துடிக்கும் ஒரு சமிக்ஞையை ஏற்றி அனுப்பினால் புது ஒயரே தேவையில்லை. ரேடியோ பாகங்களை வைத்து இரண்டு பெட்டிகள் செய்தார். பின்னால் பொத்தானை அமுக்கினால், டிரைவர் பக்கத்துப் பெட்டி கத்தியது. பல்பும் அது பாட்டுக்கு எரிந்தது. பெண்கள் கைதட்டினார்கள். "விளக்கு ஒயர்லயே பேச வெச்சுட்டாரே" என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டதும் கருப்புசாமி வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணே, வைப்பர் போட்டா பொட்டி சும்மாவே கத்துதுங்க."

வைப்பர் மோட்டாரின் தீப்பொறி அதே ஒயருக்குள் புகுந்து குழப்புகிறது என்பது தங்கையாவுக்குக் கேட்டவுடனே புரிந்தது. ஆனால் அத்தனை பேர் பாராட்டிய பிறகு, அதில் குறை இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "மழை விடட்டும், பாக்குறேன்" என்றார். காது வலி தாங்காமல் கருப்புசாமி மழை நாட்களில் பெட்டியை அணைத்து வைத்தான்.

ஜூலையில் மழை பெய்த ஒரு காலை, வளைவில் லாரியின் பின்கதவுக் கொக்கி கழன்றுவிட்டது. பெண்கள் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். லாரி நிற்கவில்லை. அடுத்த வளைவில் அவர்களில் ஒருத்தி, காத்தாயி, வெளியே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

விபத்து பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் எஸ்டேட் மேனேஜர் தங்கையாவைக் கூப்பிட்டார்.

"சுவிட்சை அணைச்சது டிரைவர். அதை மட்டும் எழுதிக் குடு."

வேலையிலிருந்து நீக்கப்போகிறவர்கள் பட்டியலில் கருப்புசாமியின் பெயர் ஏற்கெனவே இருப்பது தங்கையாவுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தால் தன் வேலை நிலைக்கும். மறுநாள் விசாரணையில் எழுந்து நின்றார்.

"தொரை, பொட்டியில கோளாறுன்னு மொத மழையிலயே எனக்குத் தெரியும். இந்த டிரைவர் புள்ள வந்து சொல்லிச்சு. நாந்தான் தள்ளிப் போட்டேன்."

மாதக் கடைசியில், பட்டியலில் கருப்புசாமியின் பெயரை அடித்துவிட்டு, தங்கையாவை நீக்கினார்கள். கருப்புசாமிக்கு வேலை தப்பியது. கூடலூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் தங்கையா கூலிக்குச் சேர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தாயியைப் பார்க்கப் போனார். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உண்மையச் சொன்னியாமே."

"ஆமா, காத்தாயி."

"அத அந்த மொத மழையிலயே சொல்லிருந்தா நான் நடந்துருப்பேன்ல?"

தங்கையா வெளியே வந்தார்.

மறுவாரம் கருப்புசாமியே லாரியைக் கடை வாசலுக்கு ஓட்டி வந்தான். தங்கையா வைப்பர் மோட்டாரின் தீப்பொறியை அடக்க ஒரு கண்டென்சரைக் கட்டினார். ஒரே தாளத்தில் மூன்று தடவை துடிப்பு வந்தால் மட்டுமே பெட்டி கத்தும்படி மாற்றினார். டிரைவருக்குக் கேட்டுவிட்டது என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிய, அதே ஒயர் வழியாகப் பதிலுக்கு ஒரு சிவப்பு விளக்கும் எரிய வைத்தார். பிறகு கொட்டும் மழையில், வைப்பரை ஓடவிட்டு, படுதாவுக்குள் தானே ஏறி உட்கார்ந்தார். சாயங்காலம் வரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். "போதும் இறங்குங்கண்ணே" என்று கருப்புசாமி இரண்டு முறை கூப்பிட்டும் அவர் இறங்கவில்லை.