துண்டுக்கு அடியில் டாக்டர்மார்

டாக்டர்மார் நோயாளிகளைத் துண்டுக்கு அடியில் விலை பேசித்தான் கைமாற்றுகிறார்கள் என்று ஒரு பகல் முழுக்க நான் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் மாட்டுத் தரகன். சந்தையில் விலையை வாயால் சொல்வது எங்கள் வழக்கமில்லை. இருவர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள்ளே விரலைப் பிடித்து அழுத்தி முடித்துவிடுவோம். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கு ஒன்றும் தெரியாது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம். வலது அடிவயிற்றில் வலி வந்து சுருண்டு கிடந்தேன். திருவட்டாற்றில் எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கினார். கூரை அதிரக் கத்தினேன். இன்றைக்கே நாகர்கோவில் போய் வயிற்றைக் கீறியாக வேண்டும், தனக்குத் தெரிந்த பெரிய டாக்டர் அங்கே இருக்கிறார் என்றார். அதோடு விட்டாரா? தானும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. மாட்டை விற்கப் போகிறவன்தான் அதன் கூடவே நடந்து வருவான்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என் வாயைத் திறக்கச் சொன்னார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். விலாவைத் தட்டினார். எத்தனை மாட்டுக்கு இதை நான் செய்திருக்கிறேன். வாலைத் தூக்கிப் பார்க்காததுதான் பாக்கி.

பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த வக்கீல் குமாஸ்தாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"பேடிக்காதேயும்வே, பயமொண்ணும் வேண்டாம். ஆளை அனுப்புனதுக்கு ஒரு டாக்டரு இன்னொருத்தர்ட்ட பங்கு வாங்கப்பிடாது. வாங்குனா பதிவுலேருந்து பேரை வெட்டிருவாங்க. சட்டம் உண்டும்," என்றார்.

ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு. மாடு மேயாத வயலுக்கு எவனாவது வேலி கட்டுவானா? சட்டம் போடும் அளவுக்கு இந்த வியாபாரம் நடக்கிறது என்றல்லவா அர்த்தம்? பங்குக்காக என்றால் நல்ல வயிற்றையும் கீறுவார்களே. கீறினால் பிழைப்பேனா? ஓடிப்போகலாம் என்று எழுந்தேன். வலி மடக்கிப் போட்டது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரி என் வேட்டி முனையைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா கெடங்க. உங்கள வெலைக்கு வாங்க இங்க எவன் வந்து நிக்கான்?"

அப்போது பார்த்தேன். அறையோரத்தில் இரு டாக்டர்மாரும் கை கழுவிவிட்டு, ஒரே துண்டில் இருவர் கையையும் நுழைத்துத் துடைத்தபடி, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேரம் முடிகிறது. இனி கயிறு கைமாற வேண்டியதுதான்.

பெரிய டாக்டர் துண்டோடு என் கட்டிலருகே வந்ததும், என் கை தானாக அதற்குள் நுழைந்து அவருடைய இரண்டு விரலைப் பிடித்து அழுத்தியது. உமக்குக் கிடைப்பதுபோல் இரண்டு மடங்கு தருகிறேன், என்னை விட்டுவிடும் என்று அர்த்தம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"என்ன ஓட்டம் ஓடுது பாருங்க. இனி காத்திருக்கக் கூடாது," என்று மற்றவரிடம் சொன்னார்.

நான் சொன்ன விலையில் காரியம் இன்னும் துரிதமானது. மூக்கில் குளோரோஃபாரத்தை வைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன்: "அனுப்புனவருக்கு என்ன குடுத்திய?" பெரிய டாக்டர் விளங்காமல் விழித்தார்.

குடல்வால் சீழ் கட்டி உடையும் தறுவாயில் இருந்தது, அதை எடுத்தார்கள். அனுப்பியவருக்கு யாரும் ஒரு சல்லி கொடுக்கவில்லை. பஸ்ஸில் நான் செத்துப்போவேனோ என்ற பயத்தில்தான் அவர் கூட வந்தார்.