பதிலுக்கு இரண்டு தட்டு

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது நடந்தது ஒரு சனிக்கிழமை காலையில். என்னிடம் சொன்னவன் லிஃப்ட் மெக்கானிக். கதை கட்டத் தெரியாதவன். சீட்டாடும்போது கையில் நல்ல சீட்டு வந்தாலே முகம் காட்டிக் கொடுத்துவிடும், அப்படிப்பட்ட ஆள். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவனுக்கும் அவன் அக்கா புருஷனுக்கும் ஒரே பைத்தியம். அம்மோனைட். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலில் நீந்திய ஓட்டுப் பிராணி. செத்து, சேற்றில் புதைந்து, கல்லாகிப் போனது. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டிருக்கும். அத்தானுக்குப் பல் செட் செய்கிற வேலை. வாரம் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அதே ஊசிகளை வைத்துக் கல்லுக்குள் இருக்கும் சுருளைச் சுரண்டி எடுப்பார். "கட்டின பொண்டாட்டிய விட கல்லுதான் ஒசத்தி" என்று அக்கா திட்டுவாள். திட்டிக்கொண்டே காபியும் போட்டுக் கொடுப்பாள்.

அவர்கள் போகிற இடம் கடலோரத்துக் களிமண் மேடு. செங்குத்தாக ஐந்து மாடி உயரம் இருக்கும். மழை பெய்து ஓய்ந்தால் மண் இளகி, உள்ளே இருக்கும் உருண்டைக் கற்கள் கீழே விழும். சுத்தியலால் பார்த்துத் தட்டினால் கல் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதியில் அம்மோனைட், மறு பாதியில் அதன் அச்சு. ஆபத்தான இடம்தான். ஆனால் மழைக்கு மறுநாள்தான் நல்ல கல் கிடைக்கும். ஆசை யாரை விட்டது?

ஆளுக்கொரு பக்கம் போவார்கள். நடுவில் மேடு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. காற்றில் குரலும் எட்டாது. அதனால் சுத்தியலால்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் 'எங்கே இருக்கே?' இரண்டு தட்டு என்றால் 'இங்கேதான், நல்லா இருக்கேன்.' மூன்று தட்டினால் 'உடனே வா.' இரண்டு தட்டு கேட்டுவிட்டால் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பல வருடமாக அதுதான் பழக்கம்.

அன்றைக்கும் பிரியும் முன்னால் வம்பிழுத்துக்கொண்டார்கள்.

"மச்சான், பெருசா கெடைச்சா எனக்கு. சின்னது உனக்கு."

"ஏன் அத்தான், எங்க அக்காவையே கட்டிக் கொடுத்தோமே, பத்தாதா?"

"அதுக்குத்தான்யா நஷ்டஈடு கேக்கறேன்."

சிரித்துக்கொண்டே மூக்கைத் தாண்டிப் பனிமூட்டத்துக்குள் போனார். அவன் அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

பத்து மணி இருக்கும். மூக்குக்கு அந்தப் பக்கம் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்... நின்றுவிட்டது. அந்த மேட்டில் மண் சரிவது புதிதல்ல. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினான்.

பதில் இல்லை.

சரி, போய்ப் பார்ப்போம் என்று எழுந்தான். அப்போது...

டொக். ... டொக்.

"மனுஷன் உயிர வாங்கிட்டாரு" என்று முனகிக்கொண்டே திரும்ப உட்கார்ந்தான்.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அத்தான் அவசரக்காரர். அவர் தட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். இதில் நடுவே ஒரு மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி. இரும்பு கல்லில் படுகிற கணீர் சத்தமும் இல்லை. கல்லால் கல்லைத் தட்டின மாதிரி மந்தமாக இருந்தது. கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு தட்டு. எங்கே இருக்கே?

இரண்டு தட்டினான்.

மறுபடியும் ஒரு தட்டு. பதில் தட்டினான். மறுபடியும். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இங்கதான் அத்தான் இருக்கேன்! எங்க ஓடிப்போயிட்டேன்?"

சத்தம் நின்றது.

அடுத்த தட்டு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மேட்டுக்குள்ளேயிருந்து.

திரும்பினான். களிமண்ணில் கையை வைத்தான். ஜில்லென்று ஈரமாக இருந்தது.

டொக்.

உள்ளங்கையில் தெரிந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

டொக். டொக். டொக்.

மூன்று.

இப்போது கடல் பக்கம்... தண்ணீர் வற்றிப்போன வெறும் மணலில். தட்டுவதற்குக் கல்லே இல்லாத இடத்தில்.

அங்கே யாரும் இல்லை.

டொக். டொக். டொக்.

ஓடினான்.

முப்பது அடி ஓடியிருப்பான்...

பின்னால் மேடு இடிந்தது.

அவன் உட்கார்ந்திருந்த இடமே இல்லை. பை, சுத்தியல், உடைத்து வைத்த கற்கள், எல்லாவற்றின் மேலும் ஆள் உயரத்துக்கு மண்.

அத்தானைக் கத்திக் கூப்பிட்டபடி மூக்கைச் சுற்றி ஓடினான். அந்தப் பக்கமும் ஒரு மண்குவியல். அத்தானின் காலடித் தடங்கள் நேராக அதற்குள் போய் முடிந்திருந்தன. போனில் உதவிக்குச் சொல்லிவிட்டுக் கையாலேயே தோண்டினான். நகம் பிய்ந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து அத்தானை வெளியே எடுத்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு அக்கா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள உயிரோட இருந்தாராடா? கூப்பிட்டாரா?"

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவார்கள். அதைக் கேட்டு ஓடுவதுதான் அவன் பிழைப்பு. ஆனால் சொந்த அத்தான் மண்ணுக்குள் கிடந்து 'எங்கே இருக்கே, எங்கே இருக்கே' என்று கேட்டிருக்கிறார். இவன் 'நல்லா இருக்கேன்' என்று பதில் தட்டிவிட்டுக் கல் உடைத்துக்கொண்டிருந்தான். இதை எந்த முகத்தோடு அக்காவிடம் சொல்வது? அவள் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்தினான். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் உள்ளங்கையில் அந்தத் தட்டு.

ஒரு மாதம் பொறுத்தான். அதற்கு மேல் முடியாமல், உடலைச் சோதித்த டாக்டரைத் தேடிப் போனான்.

"கஷ்டப்படல," என்றார் டாக்டர். "கழுத்து முறிஞ்சிருந்துச்சு. மண்ணு விழுந்த நொடியே போயிட்டாரு."

"அதுக்கப்புறம் தட்டினார் டாக்டர். அரை மணி நேரம் தட்டினார். நான் கேட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, ரெண்டு கையும் நொறுங்கிப் போயிருந்துச்சு. அவரால எப்படித் தட்ட முடியும்?"

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதான். பயம் பாதி, நிம்மதி பாதி. நேராக அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அத்தான் ஒரு நொடிகூடத் தவிக்கவில்லை, உயிர் போன பிறகும் தன்னைத் தேடி வந்து காப்பாற்றிவிட்டுத்தான் போனார் என்றான். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தான்.



"உன்னத் தேடியிருக்காரு," என்றாள் அக்கா. "நானும் இங்கதானேடா இருந்தேன்? காலையிலேருந்து இந்த வீட்ல தனியாத்தான் இருந்தேன். எங்கிட்ட வரலையே."



இப்போதெல்லாம் அந்த வீட்டில் டிவி ஓடுவதில்லை. மிக்சி போடுவதில்லை. வெயில் காலத்தில்கூட ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கிறாள். அவர் தட்டினால் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமாம். போன வாரம் துக்கம் விசாரிக்க நானும் அவனோடு போயிருந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, சுவர் பக்கம் காதைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.