சபுரா மாமி தேய்த்த கண்ணாடிகள்

பின்கட்டிலிருந்து 'கரக், கரக்' என்று சத்தம் வந்தது. கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்க்கிற சத்தம். முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த தங்கை ஷிபாவின் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள் ருமானா.

"யாருடி தொட்டிக்கிட்ட?"

"சபுரா மாமிதான். டீ கிளாஸை நானே கழுவுறேன்னு எடுத்துட்டுப் போனாங்க."

சபுரா, மன்சூரின் தாய். மகனுக்குப் பெண் பார்த்து முடிவு சொல்ல வந்தவர். தாயில்லாத வீடு என்று மனம் இளகிப் பின்கட்டுக்குப் போனவரின் கண்ணில், சிமெண்ட் தொட்டிக்குள் வரிசையாகத் தொங்கிய கண்ணாடித் துண்டுகள் பட்டுவிட்டன. அழுக்கைக் கண்டால் சும்மா இருக்கும் கையா அது?

ருமானாவின் நெஞ்சையே யாரோ நாரால் தேய்ப்பது போலிருந்தது. அந்த வழவழப்பு அவளுடைய ஒரு மாத உழைப்பு.

காஜிமார் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் பாதுஷாவின் மூத்த மகள் அவள். தாய் போனபின் தங்கையை வளர்த்தாள், படித்தாள், இப்போது தினமும் பஸ் ஏறிக் கப்பலூர் போய் ஒரு கேன் தண்ணீர்க் கம்பெனியில் தண்ணீரைச் சோதிக்கிறாள். அங்கே குழாய்களுக்குள் வழவழப்பு படிந்துகொண்டே இருந்தது. எத்தனை நாளைக்குள் கழுவினால் லேசாகப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தா கடையில் வெட்டி மிஞ்சிய கண்ணாடிகளை நூலில் கட்டி, நாளுக்கு ஒன்றாக வீட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் ஒரே கம்பில் வரிசையாகத் தொங்கவிட்டாள். இன்று சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்க்க இருந்தாள்.

ஆனால் வாயைத் திறக்க முடியுமா? போன வருடம் பெண் பார்க்க வந்தவர்களிடம் தண்ணீர்க் குவளையின் விளிம்பில் என்னென்ன வாழும் என்று அவள் விளக்கியதில், அவர்கள் அல்வாவைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். "இன்னைக்கு ஒருநாள் கிருமிப் பேச்சு வேணாம்மா" என்று அத்தா காலையிலேயே கெஞ்சியிருந்தார். போதாததற்கு, தன் தந்தையின் படத்துக்குச் சட்டம் போட வந்த மன்சூர், அந்தக் கண்ணாடியைச் சட்டை நுனியால் அத்தனை மெதுவாகத் துடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்றே அவள் மனம் அவனிடம் போய்விட்டது. அது யாருக்கும் தெரியாது.

கண் நிறைய நீரோடு பின்கட்டுக்கு ஓடினாள். பாதுஷாவும் பின்னாலேயே வந்தார்.

"பாத்தியாம்மா, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு. இம்புட்டு வழவழப்பு சேர விடலாமா?"

"அது நானா வளத்தது மாமி."

பாதுஷா கண்களை மூடிக்கொண்டார்.

"எதை வளத்த?"

"பாக்டீரியா. வாலைச் சுத்திக்கிட்டே நீந்தும். கண்ணாடியில முட்டுனா வால் சரியாச் சுத்தாது. அதை வச்சே இது ஒட்டுற எடம்னு தெரிஞ்சுக்கும். மொதல்ல சும்மா தொட்டுட்டு, பிடிக்கலைன்னா போயிரும். பிடிச்சிருந்தா வாலை விட்டுட்டுப் பசை மாதிரி ஒண்ணக் கசியவிட்டு உக்காந்துக்கும். அப்புறம் கூட்டம் சேரும். அந்தப் பசைதான் இந்த வழவழப்பு."

சபுரா தன் கையைப் பார்த்தார், நாரைப் பார்த்தார். "அப்ப குடியிருந்தவங்களை நான் காலி பண்ணிட்டேனா?"

அழுகைக்கு நடுவே ருமானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆனா எல்லாம் ஒரே மாதிரி ஒட்டலையேம்மா" என்றார் சபுரா. "இந்த ஓரத்துல இருந்ததெல்லாம் தண்ணி ஊத்துனதுமே போயிருச்சு. அப்புறந்தான் நாரு தேடுனேன்."

ருமானா கண்ணைத் துடைத்தாள். "எதுலருந்து மாமி?"

"இதுலருந்து. மூலை உடைஞ்சது விரலைக் கிழிக்கப் பாத்துச்சு, அதான் ஞாபகம்."

மூலை உடைந்த கண்ணாடி ஆறு நாளைக்கு முன் தொங்கவிட்டது. அதற்குள் கழுவினால் வெறும் தண்ணீரே போதும்; சாயங்காலம் அவள் தேட இருந்த விடை அதுதான்.

"ஒரு தடவை பாத்தாப் போதாது மாமி. மறுபடியும் தொங்கவிடணும். இதே கை, இதே நாரு வேணும்."

"பொண்ணு பாக்க வந்தவகிட்டயே வேலை வாங்குறியா நீ?"

சபுரா ஈரக் கையை ருமானாவின் முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் கன்னத்தையும் அதிலேயே துடைத்துவிட்டார்.

வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்: "அண்ணே, அடுத்த மாசம் மன்சூரையும் கூட்டிட்டு வாரேன். அவனும் நல்லாத் தேய்ப்பான். எங்க வீட்டுத் தொட்டி இதைவிடப் பெருசும்மா ருமானா."

பாதுஷா தலையை ஆட்டினார். சபுரா தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.