புத்தகத்தில் கொடுத்த நிலம்

அந்த நாவலின் அட்டையில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றாள். பின்னால் மண்சாலை, மாட்டுவண்டி. பெங்களூரிலிருந்து கூரியரில் வந்ததைப் பிரித்துப் பார்த்த அத்தை, "இது நானா பாப்பா? நான் ஸ்கூட்டர்ல இல்ல போறேன்?" என்று கேட்டார். பாகலூரில் அத்தை வீட்டு மாடியில் ஒரு வருஷம்போல வாடகைக்கு இருந்த ஒரு பெண் எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அது. மாலையானால் இருவரும் கன்னடத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள். பிறந்த வீட்டுக் கதை முழுவதையும் அத்தை அவரிடம் கொட்டியிருந்தார். அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி லீவு விட்ட நாளெல்லாம் போய், தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன்.

எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே கடுப்பு. நம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு நம் பெண்கள் எப்போதும் எதையாவது அரைத்துக்கொண்டோ அழுதுகொண்டோ இருக்க வேண்டும் போலிருக்கிறது. விடியும் முன்பே தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ் அதில் இல்லை. ஒரே பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எங்கள் வீடுகள் இல்லை. மாமரம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பூத்தது. அத்தை எல்லாவற்றையும் சிரித்தபடியே கேட்டார், கதையில் நிலம் வரும்வரை.

தாத்தா போன பிறகு அவருடைய நிலம் பங்கு பிரிக்காமலே கிடந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகி, அதை வாங்க ஆள் வந்ததும், தனக்குப் பாதி வேண்டும் என்றார் அத்தை. விட்டுக்கொடுக்கச் சொன்னார் என் அப்பா. எங்கள் பக்கத்தில், கூடப் பிறந்த பெண்கள் ஒரு புடவையை வாங்கிக்கொண்டு அண்ணன் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பாசம் என்று பெயர். நாவலில் வந்த தங்கையும் அப்படித்தான் கண்கலங்கச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். அதைக் கேட்டதும் அத்தை எழுந்துவிட்டார். "என் பங்கைக் கேட்டு வாங்கப்போறேன்னுதானே நான் அவகிட்ட சொன்னேன்? போதும், மூடி வை."

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, பெங்களூர்க்காரிக்கே தெரியுது, கூடப் பொறந்தவ எப்படி இருக்கணும்னு." அந்த வாரமே பட்டுப்புடவை, பூ, பழம் வைத்த தட்டோடு என்னையும் அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். அத்தை தட்டைத் தொடவில்லை.

"புத்தகத்துலதான் குடுத்துட்டனே அண்ணா. எத்தினி தடவ குடுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பாதி நிலம் அத்தை பெயருக்கு வந்தது. அதை விற்காமல் ரோஜா போட்டார். அப்பா அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. அத்தை பக்கம்தான் நியாயம் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த எழுத்தாளரைப் பொய்க்காரி என்று ஏசியவள் நான். ஊர் கேட்க ஆசைப்பட்டதைத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அதற்காகக் கோபம் தீர்ந்துவிடவில்லை.

இந்தப் பொங்கலுக்கும் அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. நான் போயிருந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சாப்பாடு முடிந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பாப்பா, அந்தக் கதையில, அவ கையெழுத்துப் போட்டப்புறம் அண்ணன் வந்துச்சா?"

மிச்சத்தை நான் தனியாகப் படித்து முடித்திருந்தேன். "வந்தாரு அத்தை. வருசா வருசம் பொங்கலுக்குக் கரும்போட வந்தாரு."

அத்தை உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"அத மட்டும் படி."