குழாயைத் திறந்துவிட்டு இருமியவன்

போன புதன்கிழமையிலிருந்துதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அதற்கு முந்தைய பதினான்கு நாட்களும் இட்லிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். உகாண்டா காட்டில் இருக்கும் ஒரு கொரில்லாக் குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறதா, இல்லையா என்ற கவலை!

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு என் மனைவி சுதா ஒரே ஓர் ஆசையைச் சொன்னாள். நகையா கேட்டாள்? பட்டுப்புடவையா கேட்டாள்? "கொரில்லா பாக்கணும்ங்க. கூண்டுல இல்ல... காட்டுக்குள்ள, நேர்ல" என்றாள். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரி, அதை விட்டால் வீடு என்று கிடக்கிற ஒருவனிடம் கேட்கிற ஆசையா இது? "அதுக்கு ஏன் ஆப்பிரிக்கா வரைக்கும்? இருபத்தஞ்சு வருஷமா வீட்லயே ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டு லீவ் எழுதிக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஊரெல்லாம் தூசிக் காற்று. ஃபேக்டரியில் களிமண் பவுடர், வெளியே மணல், வீட்டில் ஏ.சி. — இருமல் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை. ஆனால் வறட்டு இருமல், வந்தால் கண்ணில் தண்ணீர் வரும் வரை விடாது.

சுதா கேட்டபோது, "சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். உகாண்டாவில் தங்கிய லாட்ஜில் பாத்ரூமுக்குள் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, டவலை வாயில் அழுத்திக்கொண்டு இருமினேன். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் கேட்காது.

மறுநாள் காலை, காட்டின் வாசலில் எட்டுப் பேரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார் வழிகாட்டி மோசஸ். பச்சை யூனிஃபார்ம், மெதுவான பேச்சு. கொரில்லா பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது. குனிந்து உட்கார வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்.

"நமக்கு வருகிற சளி அவற்றுக்கும் வரும். நமக்கு ஒரு வாரம் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். அவற்றுக்கு நெஞ்சில் இறங்கிவிடும். குட்டி என்றால் பிழைப்பதே கஷ்டம். யாருக்காவது சளி, இருமல் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்."

கையில் ஒரு படிவம் வந்தது. இருமல் உண்டா? 'இல்லை' என்று டிக் அடித்தேன்.

யோசித்து அடித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் கை அது. விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மெடிக்கல் உண்டு. நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் ஒரு புள்ளி தெரிந்தால் வேலை, விசா, ஊருக்கு அனுப்பும் பணம்... எல்லாம் கலாஸ், முடிந்தது! அந்த அறைக்கு வெளியே இருமுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

குழாயைத் திறந்துவிட்டு இருமுகிற வித்தைகூட என்னுடையது இல்லை. கருப்பையாவுடையது.

குடும்பம் இங்கே வருவதற்கு முன்னால் நான் லேபர் கேம்ப்பில் இருந்தேன். ஒரு ரூமில் ஆறு பேர். எனக்கு மேல் கட்டில், கீழ்க் கட்டிலில் கருப்பையா — முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன், சூளைப் பிரிவில் டியூட்டி. மாதக்கணக்கில் இருமலை எங்களுக்குத் தெரியாமல் மறைத்தான். எப்போது போனாலும் பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம். 'சுத்தக்காரன்டா' என்று கேலி செய்தோம். பிறகு மெடிக்கலில் மாட்டினான். காசநோய். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஐந்து பேரையும் எக்ஸ்ரேவுக்கு வரிசையில் நிறுத்தினார்கள்.

ரிசல்ட் வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். ஏர்போர்ட்டில் இருந்தவனுக்குப் போன் போட்டு, "எங்க அஞ்சு பேர் பொழப்புலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று கத்தினேன். "அண்ணே..." என்று ஏதோ ஆரம்பித்தான். கட் பண்ணிவிட்டேன். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

எங்கள் ரிசல்ட்? ஐந்தும் கிளீன்.

சரி, காட்டுக்கு வருவோம்.

காடா அது! பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. தரை என்று நினைத்துக் கால் வைத்தால் அது தரை இல்லை, கொடிகள் பின்னிய மெத்தை. இடுப்பு வரை உள்ளே போகிறது. தொட்டால் தீயாய் எரியும் செந்தட்டிச் செடிகள். முன்னால் ஒரு துப்பாக்கிக்காரர். "துப்பாக்கி கொரில்லாவுக்கா?" என்று கேட்டேன். "இல்லை, யானைக்கு" என்று அமைதியாகச் சொன்னார் மோசஸ். காலடியில் கிடந்த சாணத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

மூன்று மணி நேரம் ஏறினோம். கன்னத்தில் அதிமதுரத் துண்டை அடக்கிக்கொண்டு, இருமல் வரும்போதெல்லாம் ஃபிளாஸ்க் வெந்நீரை விழுங்கினேன். எனக்கு அப்போது யானை பயமில்லை, பாம்பு பயமில்லை. தொண்டைதான் பயம்.

"மாஸ்க் போடுங்கள்" என்றார் மோசஸ். "பத்து மீட்டர் தூரம். ஒரு மணி நேரம்."

இலைகளை விலக்கினார். அங்கே உட்கார்ந்திருந்தது குடும்பத் தலைவர். முதுகு முழுக்க வெள்ளி நிறம், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்கு அகலம். தண்டை உரித்து நிதானமாக மென்றுகொண்டே எங்களை ஒரு பார்வை பார்த்தது. அது பாய்ந்து வராமலேயே நான் குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. எல்லோரும் நிற்க நான் மட்டும் தாழ்வாக உட்கார்ந்திருந்ததால், ஒரு குட்டிக்கு என்மேல் ஆர்வம் வந்துவிட்டது. அம்மாவின் மடியிலிருந்து இறங்கி, தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி வந்தது.

"ஏங்க... உங்ககிட்டதான் வருது! அசையாதீங்க, வீடியோ எடுக்கறேன்!" — சுதாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

எட்டு மீட்டர். ஐந்து மீட்டர். "பின்னால் நகருங்கள்" என்றார் மோசஸ். எங்கே நகர? முதுகுக்குப் பின்னால் முட்புதர். எனக்கோ தொண்டைக்குள் இருமல் கிளம்பிவிட்டது.

"மாஃபி... மாஃபி..." என்று குட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். தமிழ் தெரியாத யாரைப் பார்த்தாலும் எனக்கு 'வேண்டாம்' என்பதுகூட அரபியில்தான் வரும். குட்டி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு எட்டு வைத்தது. அதன் மூக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கறுப்பாக, ஈரமாக, உள்ளங்கையில் அடங்கும் முகம். நான் ஒரு முறை இருமினால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு பயம் எனக்கு எந்த எக்ஸ்ரே அறை வாசலிலும் வந்ததில்லை. 'ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?' — நான் கத்தியது எனக்கே கேட்டது.

"எனக்கு இருமல்!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். "நாலு நாளா இருமல். பொய் சொல்லிட்டேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அது வந்துவிட்டது. மாஸ்க்கோடு முகத்தைத் தரையில் புதைத்து இருமினேன். செந்தட்டி நெற்றியெல்லாம் எரித்தது. மேலே ஓர் உறுமல். கிளைகள் முறியும் சத்தம், தரை அதிர்ந்தது. தலைவர் எழுந்துவிட்டார். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மோசஸ் எனக்கும் அதற்கும் நடுவில் குனிந்து உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஏதோ மெல்லிய சத்தம் எழுப்பினார், சமாதானம் சொல்வதுபோல. உறுமல் அடங்கியது. பிறகு தாய் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதை மட்டும் ஒரு கண்ணால் பார்த்தேன். துப்பாக்கிக்காரர் என் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெகுதூரம் கூட்டிப்போய் ஒரு மரத்தடியில் உட்காரவைத்தார். அங்கே நான் ஆசை தீர இருமினேன்.

மோசஸ் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கீழே கேட்டேனே..." என்று மட்டும்தான் சொன்னார். பிறகு, "இந்தக் குடும்பத்தில் பன்னிரண்டு பேர். இரண்டு வாரம் தினமும் வந்து பார்ப்போம். மூக்கு ஒழுகினால் தெரிந்துவிடும்" என்றார். வாய் குழற, அவருடைய வாட்ஸ்அப் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சுதா ஏர்போர்ட் வரை பேசவில்லை. விமானத்தில் பெல்ட் போடும்போது, "என்கிட்டயுமா மறைப்பீங்க?" என்று கேட்டாள்.

பிறகு ஆரம்பித்தது பதினான்கு நாள் நரகம். டியூட்டியில் போன் அதிர்ந்தால் நெஞ்சு திக்கென்றது. மாலையில் மோசஸ் காட்டிலிருந்து இறங்கிய பிறகுதான் செய்தி வரும். 'இன்று எல்லாம் நலம்.' 'இன்றும் நலம்.' ஆறாம் நாள் வந்தது: 'குட்டி இன்று அம்மாவை விட்டு இறங்கவே இல்லை.' ஏழாம் நாள் செய்தியே இல்லை. சுதா பூஜை அறையில் விளக்கை ஏற்றிவிட்டு, "மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தாள். அவளும் என்னோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்தாள் என்பதே எனக்குக் கொஞ்சம் தெம்பு. எட்டாம் நாள்: 'நேற்று சிக்னல் இல்லை. முந்தாநாள் மழை, அதனால் இறங்கவில்லை. இன்று விளையாடுகிறது.' ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். குழாயைத் திறக்கவில்லை.

போன புதன்கிழமை கடைசிச் செய்தி. 'பன்னிரண்டு பேரும் நலம். குட்டி இன்று அப்பாவின் முதுகில் சறுக்கி விளையாடியது. இனி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.'

அந்தக் கடைசி வரியைப் படித்துக்கொண்டே இருந்தேன். பிறகு பழைய ரூம்மேட் ஒருவரிடம் நம்பர் வாங்கி, கருப்பையாவுக்குப் போன் போட்டேன். பதினாறு வருடம் கழித்து.

"யாருங்க?"

"ராஸ் அல் கைமா சுந்தரம் பேசுறேன்டா. மேல் கட்டில்..."

உடம்பு எப்படி இருக்கிறது, மன்னித்துவிடு... எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணே... நம்ம ரூம்ல யாருக்காச்சும் வந்துச்சாண்ணே?"

"என்னது?"

"அதான்ணே... என் நோவு. எனக்கு ஆறு மாசம் மாத்திரையில சரியாப் போச்சு. ஒங்க அஞ்சு பேர நெனச்சாத்தான்... கேக்கப் பயந்துக்கிட்டே இருந்துட்டேன்ணே. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"யாருக்கும் வரலடா கருப்பையா. எல்லாருக்கும் கிளீன். அந்த வாரமே தெரிஞ்சிடுச்சு."

"அந்த வாரமேவாண்ணே?" என்றான்.

ஒரு குட்டிக்காக இரண்டு வாரம் எனக்குச் செய்தி அனுப்பினார் மோசஸ். நான் அவனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கலாம்.