தயாளன் கழற்றிய இரண்டு பெட்டிகள்

சேலையூர் தயாளனிடம் இருப்பது மோட்டார் சைக்கிள்தான் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். நேரில் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கம்பெனி கொடுத்தது ஒரு இன்ஜின், இரண்டு சக்கரம். மற்றதெல்லாம் பதினோரு வருடமாகத் தயாளன் கொடுத்தது.

முன்னால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி. அதன் கீழே மூடுபனியில் வழி காட்ட இரண்டு மஞ்சள் விளக்குகள். தாம்பரத்தில் மூடுபனி போகி அன்று காலை மட்டும் வரும், அதுவும் டயர் எரித்த புகை. பின்னால் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட ஃபைபர் பெட்டிகள். ஒன்றில் மழைக்கோட்டு இருக்கும். மற்றதில் முதல் பெட்டியின் சாவி இருக்கும். மலைப்பாதைக்கென்றே தயாரான இந்த வாகனம் வாழ்நாளில் போன மிகப்பெரிய தூரம் கேளம்பாக்கம், சொந்தக்காரரின் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு. மற்ற நாளெல்லாம் பல்லாவரத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போகும், வரும். அங்கே தயாளன் ஹெட் கிளார்க்.

அவருடைய மனைவி அபிகாயில் மேடவாக்கத்தில் டீச்சர். அவர் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் புக் பண்ணினார். திங்கட்கிழமை வண்டி வருகிறது. அவர்கள் இருக்கும் அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணுங்க,” என்றார் அபிகாயில். “இல்லன்னா நீங்க அதுகூட ரோட்ல நில்லுங்க, நான் சாப்பாட்டுத் தட்டு கொண்டு வந்து தர்றேன்.”

வண்டியை விற்பது என்று முடிவானது இரண்டு மாதத்துக்கு முன்பே. முடிவாகாதது, மாட்டியதோடு விற்பதா, கழற்றிவிட்டு விற்பதா என்பதுதான்.

ஆபீஸ் கிரீஷ் சொன்னான்: “மாட்டினது மாட்டினபடியே குடுங்க சார். போட்டோல பளபளன்னு இருக்கணும். வாங்கறவன் ஃப்ரீயா கிடைக்குதுன்னு ஓடி வருவான்.”

மெக்கானிக் சிட்டிபாபு வண்டியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “இன்னா சார் இது, சாமி ஊர்வலம் போற மாதிரி கீது. எல்லாத்தையும் கழட்டு. வண்டிய மொழுமொழுன்னு காட்டு. கழட்டுனத தனியா வித்துக்கோ, யாரு கேக்கப்போறா?”

யார் மனமும் நோகக்கூடாது என்பது தயாளனின் சுபாவம். கிரீஷ் சொன்னபடி, எல்லாம் மாட்டியிருந்த போட்டோக்களை இணையத்தில் போட்டார். சிட்டிபாபு சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றிக் கோணிப்பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். இரண்டு பேரும் அவரைப் பாராட்டினார்கள்.

கழற்றியபின் வண்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய தலைமையாசிரியர் மாதிரி, யாரோ போலத் தெரிந்தது. பெட்டி மறைத்திருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புத்தம் புதுசு. சுற்றிலும் பதினோரு வருட வெயில். பார்க்க வந்தவர்களெல்லாம் அந்தத் திட்டைத் தடவி, “ஆக்சிடென்ட்டு வண்டியா சார்?” என்று கேட்டார்கள். தயாளன் பெட்டியின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவர்கள் பாதியிலேயே நம்பிக்கை இழந்து போனார்கள்.

கடைசி வியாழக்கிழமை வாஜித் வந்தான். பல்லாவரத்துப் பையன். தோல் பெல்ட், பர்ஸ் எல்லாம் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற வியாபாரம். வண்டியைச் சுற்றி வந்தான். போனில் போட்டோவைப் பார்த்தான். மறுபடி சுற்றி வந்தான்.

“சார், இதுல ஒரு வண்டி கீதே, அது எங்க?”

“இதுதான் தம்பி அது.”

“அதோட தம்பி மாதிரி கீது சார்.” வாஜித் அந்தப் புதுப் பெயின்ட் திட்டில் விரலை வைத்தான். “பொட்டி எங்க?”

“கழட்டி வெச்சிருக்கேன்.”

“பொட்டிக்குத்தான் சார் நான் வந்ததே. மழையில தோலு நனைஞ்சா கடைக்காரன் மூஞ்சில அடிப்பான், பேஜாரு. நீங்க சொன்ன வெல எனக்கு ஓகே, பேரமே பேசல. ஆனா பொட்டியோட. பொட்டி இல்லாம இந்த வண்டிய வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

தயாளன் மகிழ்ச்சியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி. மாட்டி ரெடியா வெச்சிருக்கேன்.”

அவனை அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தார். கால்மிதியடி ஒன்று இருந்தது. கோணிப்பை இல்லை.

“அபி, மூட்டை எங்க?”

“அறுப்பின் பண்டிகைக்குக் குடுத்துட்டேனே. உங்களைக் கேட்டுத்தான் குடுத்தேன். பேப்பர் படிச்சிட்டே ‘ஏதாவது பண்ணு’ன்னீங்க.”

வருடத்துக்கொரு முறை வரும் இந்தப் பண்டிகைக்கு, சர்ச் சபையில் ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒரு பொருளைக் காணிக்கையாகக் கொடுக்கும். பூசணிக்காய், கேக், சேவல், எதுவானாலும் சரி. ஆராதனை முடிந்ததும் அவற்றைச் சபையாருக்கே ஏலம் விட்டு, வரும் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். இந்த வருடம் தயாளன் வீட்டுக் காணிக்கை, தயாளனின் இரண்டு பெட்டிகளும் இன்ன பிறவும்.

“திருப்பிக் கேட்டுப் பார்க்கட்டுமா?”

“கேளுங்க. குடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்ட முதல் குடும்பம்னு கல்வெட்டுல போடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஏலத்துல எடுங்க, வேற வழியில்ல.”

வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனார். அந்தப் பெட்டிகளை அவருக்கு விற்ற ஆள் இப்போது மீன்தொட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதே அளவில் மீன்தொட்டி இருப்பதாகச் சொன்னார். தயாளன் வீட்டுக்கு வந்து வாஜித்துக்குப் போன் செய்து, ஞாயிறு மதியம் சர்ச் வாசலுக்கே வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சர்ச் வாசலில் நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை, பேன்ட் பாக்கெட்டில் ஸ்பேனர் சகிதம் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிரசங்கம் முழுக்க ஸ்பேனர் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. பிறகு சர்ச் மைதானத்துப் பந்தலில் கமிட்டி மெம்பர் காலேப் மைக்கைப் பிடித்தார். முதலில் ஒரு பூசணிக்காய், பூசணித் தோட்டத்தின் விலைக்குப் போனது. அடுத்து பெட்டிகள் மேடைக்கு வந்தன. தயாளன் விரலைத் தூக்கினார்.

“பாத்தீங்களா சபையாரே,” என்றார் காலேப். “தான் குடுத்த காணிக்கையைத் தானே எடுக்க வர்றாரு நம்ம தயாளன் அண்ணன். எப்பேர்ப்பட்ட மனசு. இப்படிப்பட்டவரை நாம கம்மி விலைக்கு விடலாமா?”

விடக்கூடாது என்று சபை நினைத்தது. இந்த ஏலத்தில் ஒருவர் ஒரு பொருளை உண்மையாக விரும்பினால், விலையை ஏற்றிவிட்டு அவரை ஆசீர்வதிப்பது மற்றவர்களின் கடமை. முதலில் எழுந்தவர் ரத்தினபாய் டீச்சர். ரிடையரான தலைமையாசிரியை. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

தயாளன் எட்டி அவர் காதருகே கேட்டார்: “டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்தப் பெட்டி?”

“உனக்கு எதுக்கோ அதுக்குத்தான்,” என்று டீச்சர் இன்னொரு நூறு ஏற்றினார். உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். ஐந்தாறு சுற்று ஓடிவிட்டு, “சரி, உன் ஆசீர்வாதத்துக்குக் குறுக்க நான் நிக்கல,” என்று உட்கார்ந்தார்.

தயாளன் மூச்சு விட்டபோது பந்தலின் பின்கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னொரு நூறு.”

தயாளன் திரும்பிப் பார்த்தார். நடுவில் பாடகர் குழு நின்று கேக் தின்றுகொண்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. ஒலிபெருக்கி வேறு காதோடு ஒட்டி அலறியது. விரலைத் தூக்கினார். பின்கோடி ஏற்றியது. மறுபடி தூக்கினார்.

“முன்வரிசை சொல்லியாச்சு, பின்னாடி எப்படி?” என்று காலேப் துள்ளினார். பின்னாடியும் சளைக்கவில்லை. சபைக்குத் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்தது. கடைசியில் அபிகாயில் தயாளனின் தூக்கிய கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினார். “இதுக்கு மேல போனா வண்டிய வித்தும் பெட்டிக்குப் பத்தாது.”

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பாடகர் குழு விலகியது. ஒரு கையில் ஹெல்மெட்டோடு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாஜித் நேராகத் தயாளனிடம் வந்தான்.

“சார், சீக்கிரமே வந்துட்டேன். உள்ள நுழையறப்போ ஏலம் பாதி ஓடிடுச்சு, பாத்தா நம்ம வண்டிக்கு இருந்த அதே பொட்டி. நீங்க எங்க வெச்சீங்களோ, கெடைக்குமோ கெடைக்காதோன்னு நானே எடுத்துட்டேன். முன்னாடி எவனோ ஒருத்தன் உக்காந்துகினு வுடாம ஏத்திகினே இருந்தான் சார். ஆளு மூஞ்சியே தெரியல. ஆனா வுட்டேனா நானு?”

“விடலதான் தம்பி,” என்றார் தயாளன்.

“பொட்டியோடதானே சார் வெல பேசினோம்? பொட்டிக்கு நான் குடுத்தத வண்டி வெலையில கழிச்சுக்கலாம், சரிதானே?”

தயாளன் அந்தக் கணக்கில் ஓட்டை தேடினார். இல்லை. முன்வரிசையில் இருந்தது யார் என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் இந்தப் பையன் சிரித்துவிட்டு, வண்டி வேண்டாமென்று போய்விடுவான், நாளைக்கு ஸ்கூட்டர் வந்துவிடும். அபிகாயில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிதான் தம்பி,” என்றார்.

வாசலில் வெள்ளைச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து, பெட்டிகளை அவரே மாட்டினார். புதுப் பெயின்ட் திட்டின் மேல் பெட்டி அச்சாக உட்கார்ந்தது.

“அட, அளவெடுத்து செஞ்ச மாதிரி கீதே,” என்றான் வாஜித்.

மைக்கில் காலேப், வெளியிலிருந்து வந்து சபையைத் தாங்கிய பல்லாவரம் சகோதரருக்கு நன்றி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். வாஜித் வெட்கத்தோடு கும்பிட்டு, கழித்தது போக மீதியைத் தயாளனிடம் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ரத்தினபாய் டீச்சர் தயாளன் பக்கத்தில் வந்து நின்றார். “பாத்தியா தயாளா. நம்ம சபைகூட இல்ல, எவ்வளவு தாராளமா குடுத்துட்டுப் போகுது அந்தப் பிள்ளை. நீயும் இருக்க, பாதியில கையை எறக்கிட்ட.”

“ஆமா டீச்சர்,” என்றார் தயாளன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரை அபிகாயில் வாங்கித் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.